கண்ணால் கேட்போர்

(விழிஞ்ஞத்தில் நடைபெற்ற நம் சங்கத் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இம்மேடையில் புலவர்களும் பேராசிரியர்களும் பேசியிருக்கின்றார்கள். யானோ மெட்ரிகுலேஷன் வரை பயின்று, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் ஓர் எளிய குமாஸ்தா. இலக்கியம் பேசும் தகுதி எனக்கில்லை. ஆயினும் ஒரு மொழியைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். அது நம் தமிழும் அன்று. நம்மைச் சுற்றி ஒலிக்கும் மலையாளமும் அன்று. ஒலியே இல்லாத மொழி அது. காது கேளாத மக்கள் கைகளாலும் முகத்தாலும் பேசிக் கண்களால் கேட்கும் சைகை மொழி.

"செவிடன் காதில் ஊதிய சங்கு" என்பது நம்மவர் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி. பயனற்ற முயற்சிக்கு அதனை உவமையாகக் கூறுகின்றோம். சற்றே எண்ணிப் பாருங்கள். அவனுக்குக் காது கேளாது என்று தெரிந்திருந்தும் சங்கைத் தூக்கிக்கொண்டு போனவன் எவன்? பிழை கேளாதவனிடத்திலா, ஊதியவனிடத்திலா? விளக்கொன்றை ஏற்றிக் காட்டியிருந்தால் அவன் திரும்பிப் பார்த்திருப்பான் அல்லவா? இவ்வினா எனக்கு நூலைப் படித்துத் தோன்றியதன்று. இரயில் நிலைய மேடையொன்றில் நின்றபோது தோன்றியது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, அலுவல் முடிந்து வீடு திரும்புவதற்காகக் காத்திருந்தேன். எதிர் மேடையில் என் நண்பர் ஒருவர் நின்றார். அவரிடம் அவசரமாக ஒரு செய்தி சொல்ல வேண்டியிருந்தது. அப்பால் ஓர் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது, ஒலிபெருக்கியும் முழங்கிக்கொண்டிருந்தது. யான் தொண்டை வறளக் கூவினேன். அவர் காதருகே கையை வைத்து, "என்ன? என்ன?" என்று வாயசைத்தார். அவ்வேளையில் என் பக்கத்தில் நால்வரும் எதிர் மேடையில் மூவருமாக இளைஞர் எழுவர், இரண்டு தண்டவாளங்களுக்கு அப்பாலும் இப்பாலும் நின்று, கையசைவினால் உரையாடிக் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தனர். செவியிருந்தும் நாங்கள் இருவரும் ஊமையராய் நின்றோம்; அவர்களோ தடையின்றிப் பேசினர்.

பிறகு நிகழ்ந்ததுதான் என் நெஞ்சைத் தைத்தது. வண்டி வேறு மேடைக்கு மாற்றப்பட்டதாக ஒலிபெருக்கி அறிவித்தது. கூட்டம் மூட்டை முடிச்சுகளோடு ஓடிற்று. அந்நால்வர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றனர். எனக்குச் செய்தி தெரியும். சொல்லும் வழி தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்த குறிப்பேட்டில் மேடை எண்ணை எழுதிக் காட்டினேன். ஒருவர் நெஞ்சில் கைவைத்துத் தலைதாழ்த்திவிட்டு ஓடினார். அவர்களும் பயணச்சீட்டு வாங்கியவர்களே. ஆயினும் அந்த ஒலிபெருக்கி அவர்களைப் பொறுத்தவரை கம்பத்தில் தொங்கிய சங்கு.

அன்றிரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை. இரயில்வே என்பதே சைகையால் இயங்கும் உலகம் அன்றோ? பச்சைக் கொடி அசைந்தால் வண்டி நகரும். சிவப்புக் கொடி கண்டால் நிற்கும். பழைய சிக்னல் கம்பத்திற்கு நம் முன்னோர் இட்ட பெயரே கைகாட்டி. ஆயிரம் உயிர்களைச் சுமந்து செல்லும் வண்டியை ஒரு கையசைவின் மேல் நம்பிக்கை வைத்து ஓட்டுகின்றோம். மனிதன் ஒருவன் கையால் பேசினால் மட்டும், "பாவம், ஊமை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கின்றோம். நம் விழிஞ்ஞத்துக் கடற்கரையில் வலை இழுப்போரைப் பாருங்கள். அலையோசையில் குரல் எடுபடாதபோது அவர்களும் கையையும் துணியையும் அசைத்தே செய்தி சொல்லுகின்றனர். ஆய் மன்னர்களின் தலைநகராக விளங்கிய இவ்வூரில், 8ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் குடைவரைக் கோயில் ஒன்றுண்டு. அதன் முகப்பில் முற்றுப்பெறாது நிற்கும் சிற்பங்களின் கையும் மெய்யும் நம்மோடு பேசவில்லையா?

ஆனால் அன்பர்களே, சைகை மொழி என்பது கொடியசைவு போன்ற வெறுங்குறிப்பன்று. நாட்டிய முத்திரையும் அன்று. அது முழுமையான மொழி. இவ்வுண்மையைச் செவியுள்ள அறிஞர் உலகம் ஏற்றுக்கொண்டது அண்மைக் காலத்தில்தான். அமெரிக்க நாட்டில் வாஷிங்டன் நகரிலுள்ள காலடெட் கல்லூரியில் ஆங்கில ஆசிரியராயிருந்த வில்லியம் ஸ்டோக்கோ என்பார் 1960இல் ஓர் ஆய்வினை வெளியிட்டார். எழுத்துகள் சேர்ந்து சொல்லாவது போலவே, கையின் வடிவம், அது நிற்கும் இடம், அசையும் முறை ஆகிய உறுப்புகள் சேர்ந்து சைகையாகின்றன என்று அதில் நிறுவினார். அம்மொழிக்கு இலக்கணமும் உண்டு. புருவத்தை உயர்த்துவதும் தலையை அசைப்பதும்கூட அவ்விலக்கணத்தின் பகுதியே. ஆங்கிலேயரும் அமெரிக்கரும் பேசுவது ஒரே ஆங்கிலம். ஆனால் அவ்விரு நாட்டுக் காது கேளாதோரின் சைகை மொழிகளோ ஒன்றுக்கொன்று விளங்காத வெவ்வேறு மொழிகள். ஆகவே, வாய்மொழியைக் கையால் பெயர்த்து எழுதுவதே சைகை என்று எண்ணுவது தவறு. கைக்குழந்தை வாயால் மழலை பேசுவது போலவே, சைகை பேசும் வீட்டில் வளரும் காது கேளாத குழந்தை கையால் மழலை பேசுகின்றது என்று 1991இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. கையால் மழலை! எத்துணை இனிய செய்தி!

காது கேளாத பெரியோர் யாவர் என்று வினவினால், நாம் உடனே எடிசன் பெயரைச் சொல்லுவோம். இளமையிலேயே காது மந்தமான அவர், இரயில் வண்டியில் செய்தித்தாள் விற்று, தந்தி ஊழியராகி, பின்னர் ஒலியைப் பதிவு செய்யும் கருவியையே கண்டார். நம் நாட்டில் சதீஷ் குஜ்ரால் இருந்தார். 1925இல் பிறந்து, 8ஆம் வயதில் செவிப்புலன் இழந்து, ஓவியராகவும் சிற்பியாகவும் விளங்கினார்; தில்லியில் பெல்ஜிய நாட்டுத் தூதரகக் கட்டடத்தை வடிவமைத்தார்; 1999இல் பத்ம விபூஷண் விருது பெற்று 2020இல் மறைந்தார். இவர்கள் போற்றத்தக்கவர்களே. ஆனால் இவர்களை நாம் புகழும் முறையைக் கவனியுங்கள். "காது கேளாதிருந்தும் நம்மைப் போல் ஆனார்" என்றுதானே புகழ்கின்றோம்? நம்மைப் போல் ஆகாமல், தம்மைப் போலவே இருந்து, தம் மொழியையும் தம் மக்களையும் உயர்த்தியவர் வரிசை ஒன்றுண்டு. அதனை நாம் அறிந்தோமில்லை.

அவ்வரிசையில் முன்னிற்பவர் லோரான் கிளேர். பிரெஞ்சு நாட்டில் 1785இல் பிறந்தவர். கைக்குழந்தையாயிருந்தபோதே காது கேளாதவரானார். பாதிரியார் தெலெப்பே 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் தோற்றுவித்த பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியருமானார். அமெரிக்காவிலிருந்து காலடெட் என்னும் சமயப் பணியாளர் அங்கு வந்து, "எங்கள் நாட்டில் இத்தகைய பள்ளி ஒன்றேனும் இல்லை, வருகின்றீரா?" என்று அழைத்தார். 1816இல் இருவரும் கப்பலேறினர். 52 நாட் பயணம். கப்பலில் கிளேர் அவருக்குச் சைகை மொழி கற்பித்தார். அவர் கிளேருக்கு ஆங்கிலம் கற்பித்தார். 1817இல் ஹார்ட்ஃபோர்ட் நகரில் பள்ளி தோன்றிற்று. கிளேர் கொண்டுசென்ற மொழியும் அந்நாட்டுப் பிள்ளைகள் கைவசமிருந்த சைகைகளும் கலந்து அமெரிக்க சைகை மொழி உருப்பெற்றது. அது இன்றும் பிரெஞ்சு சைகை மொழிக்கு உறவுடைய மொழியாகவே விளங்குகின்றது.

பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு வந்து, மொழியை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்த நமக்கு, இவர் அயலாரா? கடல் கடந்து தம் மொழியை நட்டுப் பயிராக்கிய இவரை நம் உறவினர் என்றே யான் கருதுகின்றேன்.

பயிரை அழிக்க வந்த காலமும் உண்டு. 1880இல் இத்தாலி நாட்டு மிலான் நகரில், காது கேளாதோர் கல்வி பற்றி ஆராய ஒரு மாநாடு கூடிற்று. 160க்கு மேற்பட்ட பேராளர்களுள் காது கேளாதவர் ஒருவரே. பள்ளிகளில் சைகையை நீக்கி, வாய்ப்பேச்சையே பயிற்ற வேண்டுமென்று அம்மாநாடு தீர்மானித்தது. அதன் பின் நாடுநாடாகப் பள்ளிகளில் சைகை விலக்கப்பட்டது; காது கேளாத ஆசிரியர் பலர் வேலையிழந்தனர்; கையசைத்த பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். அத்தீர்மானத்தை மறுத்து வருத்தம் தெரிவிக்க 2010இல் கனடா நாட்டு வான்கூவர் மாநாடு வர வேண்டியிருந்தது. இடையே கழிந்தவை 130 ஆண்டுகள்!

இதனைக் கேட்டுத் தொலைதூரத்துக் கதை என்று எண்ணாதீர்கள். நம் காலனிக்குள்ளேயே இது நடந்தது. என் தங்கையின் மகள் பிறவியிலேயே காது கேளாதவள் என்பது உங்களுள் பலர் அறிந்ததே. மூன்று வயது வரை நேர்த்திக்கடன்களும் மருத்துவர் வீடுகளுமாக அலைந்தோம். பின்னர்ச் சேர்த்த ஒரு பள்ளியில், "வீட்டில் கையைக் காட்டிப் பேசாதீர்கள், காட்டினால் பேச்சு வராது" என்றார்கள். என் தங்கை அதனை வேதவாக்காகக் கொண்டாள். குழந்தை தண்ணீருக்குக் கையைக் காட்டினால், வாய் திறந்து சொல்லும் வரை கொடுக்கமாட்டாள். கையை நீட்டினால் கையிலேயே அடி. அடித்துவிட்டுப் பின்கட்டில் போய் அழுவாள். குழந்தைக்குப் பேச்சும் வரவில்லை. கையும் அடங்கிப் போயிற்று. யானும் அருகிலிருந்து, "நல்லதற்குத்தானே" என்று வாளாவிருந்தேன். அப்பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

மேடையில் கண்ட இளைஞருள் ஒருவரை மறுவாரமும் அதே வண்டியில் கண்டேன். குறிப்பேட்டில் எழுதியெழுதியே நண்பர்களானோம். அவரை வீட்டிற்கு அழைத்து வந்தேன். அவர் குழந்தையின் முன் தரையில் அமர்ந்து, எதுவும் கேளாமல், ஒரு காகத்தின் கதையைக் கையால் சொன்னார். அவள் முதலில் தாயைத் திரும்பிப் பார்த்தாள், அடி விழுமோ என்று. பின்னர் அவள் கை மெல்ல மெல்ல உயர்ந்தது. அன்று என் தங்கை அழுத அழுகை வேறு அழுகை.

காது கேளாத குழந்தைகளுள் பெரும்பாலோர் செவியுள்ள பெற்றோர்க்கே பிறக்கின்றனர். நமக்குத் தாய்மொழி தாய்மடியிலே கிடைக்கின்றது. அவர்களுக்கோ பள்ளியிலும் நண்பர் கூட்டத்திலுமே கிடைக்கின்றது. ஆதலின் அவர்கள் சங்கம் வைக்கின்றனர். விளையாட்டுப் போட்டி நடத்துகின்றனர். ஒருவரையொருவர் தேடிச் சென்று மணிக்கணக்கில் உரையாடுகின்றனர். தம்மை நோயாளர் கூட்டமாக அன்றி, மொழியும் வழக்காறும் உடைய ஒரு மக்களாகக் கருதுவோர் அவர்களுள் பலர். அப்பொருளில் ஆங்கிலத்தில் எழுதுங்கால், காது கேளாதோர் என்னும் சொல்லின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக எழுதுவது வழக்கமாயிற்று. நாம் தமிழர் என்று சொல்லிக்கொள்வது போன்றதே அது.

1988ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அதே காலடெட் பல்கலைக்கழகத்திற்குச் செவியுள்ள ஒருவரைத் தலைவராக்கியபோது மாணவர் வாயில்களை அடைத்துப் போராடினர். ஒரு வாரத்தில் காது கேளாதவரான கிங் ஜோர்டன் தலைவரானார். 1864இல் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்டுப் பட்டமளிக்கும் உரிமை வழங்கிய நிலையத்திற்கு, 124 ஆண்டுகள் சென்ற பின்னரே தம்மவர் ஒருவர் தலைவரானார்.

நம் நாட்டவரான மதன் வசிஷ்டாவைக் கேளுங்கள். வட இந்தியச் சிற்றூரில் பிறந்து, 11ஆம் வயதில் நோயால் செவிப்புலனை இழந்து, படிப்பு நின்று, வயலில் உழைத்தவர். பின்னர்த் தில்லிக்கு வந்து ஒளிப்படக்கலை பயின்றார். அங்கேதான் காது கேளாதோர் கூட்டத்தைக் கண்டு அவர்கள் மொழியையும் கற்றார். 1967இல் காலடெட் கல்லூரியில் சேர்ந்து அறிஞரானார். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்க ஆய்வாளர் இருவரோடு தாயகம் வந்து, தில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் நகரங்களின் சைகைகளைத் திரட்டி ஆராய்ந்து, அவை ஒன்றுக்கொன்று உறவுடையவை என்று காட்டினார். மாடு மேய்த்த சிறுவன் தன் மக்களுடைய மொழிக்கு அகராதி தொகுக்கும் பணியில் நின்றான் என்றால், அதனினும் பெரிய வெற்றி எது?

நம் தமிழகத்திலும் இப்பணி பழையது. பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் பெயரால் இன்றும் நடைபெறும் காது கேளாதோர் பள்ளி 1897இல் தோன்றியது. திருவனந்தபுரத்தில் ஜகதியில் அரசுப் பள்ளி உண்டு. ஆக்குளத்தில் 1997இல் தோன்றிய தேசிய பேச்சு, செவிப்புலன் நிலையத்தில் 2008 முதல் காது கேளாத மாணவர்க்குப் பட்டப் படிப்பே நடைபெற்று வருகின்றது. பாளையங்கோட்டையில் படித்த தமிழ்ப் பிள்ளையும் ஜகதியில் படித்த மலையாளப் பிள்ளையும் சந்தித்தால், சொல்லளவில் சிற்சில வேறுபாடு இருப்பினும், சிறிது நேரத்தில் உரையாடத் தொடங்கிவிடுவர். நம்மைப் பிரித்த எல்லைக்கோடு அவர்களைப் பிரிக்கவில்லை.

மதுரையைச் சேர்ந்த ஜெர்லின் அனிகா, 2022இல் பிரேசில் நாட்டில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் பூப்பந்தாட்டத்தில் மூன்று தங்கப் பதக்கம் வென்று, அவ்வாண்டிற்குரிய அர்ஜுனா விருதும் பெற்றார். இவ்விளையாட்டு விழா 1924இல் பாரிஸ் நகரில் 9 நாட்டினரோடு தொடங்கியது. ஓட்டப் பந்தயத்திற்கு அங்கே துப்பாக்கி ஒலியை நம்பியிருப்பதில்லை. விளக்கொளி காட்டித் தொடங்குகின்றனர். 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்னும் காது கேளாத வழக்கறிஞர் சைகை மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் தோன்றினார். தில்லியில் இந்திய சைகை மொழிக்கென 2015இல் நடுவண் அரசு நிறுவிய நிலையம், 2021இல் 10,000 சொற்கொண்ட அகராதியை வெளியிட்டது. ஆயினும் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் அதற்கு இடமில்லை. 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி செவிப்புலன் குறைந்தோர் நம் நாட்டில் 50 லட்சத்திற்கு மேற்பட்டோர்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றேன். செவிக்கருவியும் அறுவை மருத்துவமும் வேண்டா என்பது என் கருத்தன்று. பிறந்த குழந்தையின் செவியை உடனே சோதிப்பது கடமை. கருவியால் பயன் பெறுவோர் பெறுக. ஆனால் கருவி பயன் தரும் வரையில் குழந்தையின் அறிவு காத்திருக்காது. அதற்கு இன்றே ஒரு மொழி வேண்டும்.

"சைகை கற்றால் தமிழ் போய்விடுமே" என்று என் தங்கை அஞ்சினாள். நடந்தது என்ன? ஒரு மொழி கையில் வந்த பிறகே மற்ற மொழிகள் கண்ணில் நுழைந்தன. பள்ளியில் மலையாளம் எழுதுகின்றாள். நம் சங்க நூலகத்தில் தமிழ்க் கதைப் புத்தகங்களை எடுத்துச் செல்பவர்களுள் அவள் ஒருத்தி. வயது பதினான்கு. அவளும் தமிழச்சியே.

சென்ற ஆண்டு விழாவில் அவள் என்னருகில் அமர்ந்திருந்தாள். நகைச்சுவை நாடகம் நடந்தது. மண்டபமே அதிர்ந்து சிரித்தது. அவள் என் சட்டையைப் பற்றி இழுத்து, "ஏன் சிரிக்கின்றார்கள்?" என்று கையால் கேட்டாள். யான், "அப்புறம் சொல்கிறேன்" என்று காட்டினேன். மீண்டும் சிரிப்பு, மீண்டும் வினா, மீண்டும் "அப்புறம்." மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை. மற்றவர் சிரித்தபோது தானும் சிரித்தாள். அந்தப் பொய்ச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை. தமிழ் ஒலிக்காத ஊரில் நம் பிள்ளைகள் தனித்துப் போகலாகாது என்பதற்காக வைத்த சங்கத்தில், நம் பிள்ளை ஒருத்தி தனித்திருந்தாள்.

இது மாற்ற இயலாத விதியன்று. அமெரிக்க நாட்டின் கிழக்குக் கரையில் மார்த்தாஸ் வினியார்டு என்று ஒரு தீவு. விழிஞ்ஞம் போலவே மீன்பிடிப்போரும் வாழ்ந்த இடம். 19ஆம் நூற்றாண்டில் அத்தீவினருள் 155 பேருக்கு ஒருவரும், சில்மார்க் என்னும் ஊரில் 25 பேருக்கு ஒருவரும் பிறவியிலேயே காது கேளாதவர். அங்கே செவியுள்ளோரும் சைகை மொழி கற்றனர். படகிலிருந்து படகிற்குச் சைகையில் பேசினர். கடைத்தெருவில் சைகையில் பேரம் பேசினர். காது கேளாதவர் தனியர் என்ற எண்ணமே அங்கு எழவில்லை. பிறவியில் காது கேளாத கடைசித் தீவினர் 1952இல் மறைந்த பின்னரும் முதியோர் அச்சைகைகளை நினைவில் வைத்திருந்தனர். நம் அண்டை மாநிலமான கர்நாடகத்து அலிப்பூரிலும் அத்தகைய ஊர் வழக்குச் சைகை மொழி ஒன்றுண்டு. ஊரார் கற்றால், குறை என்று நாம் பெயரிட்டது ஊரிலிருந்தே மறைந்துபோகும்.

ஆகவே சங்கத்தாரிடம் மூன்று வேண்டுகோள். முதலாவது, வரும் ஆண்டு விழாவில் மேடையின் ஓரத்தில், நல்ல வெளிச்சத்தில், சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நிறுத்துவோம். அதற்காகும் செலவில் என் பங்காக ஒரு நாள் சம்பளத்தை இன்றே செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். இரண்டாவது, ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் வகுப்பில் திங்கட்கு ஒரு மணி நேரம் சைகை மொழிக்கு ஒதுக்குவோம். கற்பிப்பவர் காது கேளாத இளைஞராகவே இருக்கட்டும். உரிய ஊதியமும் கொடுப்போம். மூன்றாவதற்குச் செலவே இல்லை. "செவிடு", "ஊமை" என்னும் சொற்களால் ஏசுவதை விடுவோம். "அப்புறம் சொல்கிறேன்" என்பதையும் விடுவோம்.

உரையை முடிக்கின்றேன். வழக்கப்படி நீங்கள் கைதட்டுவீர்கள். காது கேளாதோர் கைதட்டுவதில்லை. இரு கைகளையும் உயர்த்தி விரல்களை விரித்து அசைப்பர். முதல் வரிசையில் என் தங்கையின் மகள் அமர்ந்திருக்கின்றாள். யான் பேசியதை அந்த இளைஞர் அவளுக்கு உடனுக்குடன் சொல்லி வந்ததை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். இன்று ஒரு நாள், அவள் கேட்கும்படியாகக் கைதட்டுங்கள்.